வேல்ஸ் கரியும் நார்வே டீசலும்

கேள்வி: ஐயா, நான் மரைன் எஞ்சினியரிங் படிக்கிறேன். செலாண்டியா என்ற டீசல் கப்பல் 1912-லேயே பெருங்கடலைத் தாண்டியதாகப் பாடத்தில் படித்தோம். ஆனால் என் கொள்ளுத்தாத்தா சென்னையிலிருந்து பினாங்குக்குப் போன ரஜுலா, 1926-ல் கட்டிய நீராவிக் கப்பல். சிக்கனமான எஞ்சின் வந்த பிறகும் பிரிட்டிஷ்காரர்கள் ஏன் நீராவியை விடவில்லை?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: தெரியாமல் அல்ல. கோபன்ஹேகனில் கட்டிய செலாண்டியா பாங்காக் போகும் வழியில் லண்டனில் நின்றபோது, கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலே ஏறிப் பார்த்தார். ரஜுலாவின் சொந்தக்காரர்களான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, 1921-லேயே டொமாலா என்ற டீசல் பயணிக் கப்பலை இறக்கிவிட்டது. ஐந்து வருடம் கழித்து அதே கம்பெனிதான் ரஜுலாவை நீராவியில் கட்டியது.

காரணத்தை எஞ்சின் ரூமில் தேடினால் கிடைக்காது. அது வேல்ஸ் சுரங்கங்களில் இருக்கிறது. கார்டிஃபிலிருந்து கிளம்பும் சரக்குக் கப்பல் போர்ட் சயீதுக்கோ அர்ஜென்டினாவுக்கோ கரி ஏற்றிப் போகும். திரும்பும்போது தானியம் கொண்டுவரும். போகும்போதும் கூலி, வரும்போதும் கூலி. உலகக் கப்பல்களெல்லாம் எண்ணெய்க்கு மாறினால், வெளிநாட்டுத் துறைமுகங்களில் கரியை வாங்க யார் இருப்பார்கள்? டீசலை வாங்கும் கப்பல் முதலாளி, தன் சரக்கையே குறைத்துக்கொள்கிறார். இதை மறந்துவிட்டு, பிரிட்டிஷ்காரர்கள் பழமைவாதிகள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

கூடவே, டீசல் கப்பலின் விலை அதிகம். அதை ஓட்டத் தேர்ந்த ஆட்களும் வேண்டும். கீழ்த்திசைக்கு வந்த கப்பல்களில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்களில் ஏராளமானோர் சில்ஹெட், பஞ்சாப் பக்கத்து ஏழைகள். வெள்ளைக்கார மாலுமியைவிட மிகக் குறைந்த சம்பளம் அவர்களுக்கு. அந்த அனலில் அவர்கள் மலிவாக உழைத்ததும், நீராவி நீடிக்க ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

நார்வேயின் கதை வேறு. எரிக்கும் கரியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கவேண்டிய நாடு அது. முதல் உலகப் போரில் கப்பல் பலத்தில் ஏறத்தாழ பாதியை இழந்தது. எப்படியும் புதிதாக வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் டீசலைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே தூரத்துக்குக் கரியின் எடையில் நான்கில் ஒரு பங்கு எண்ணெய் போதும். அதையும் கப்பலின் அடித்தட்டில் நிரப்பிவிடலாம். கரி அடைத்த இடமெல்லாம் சரக்குக்கு மிச்சம். எண்ணெய்க் கம்பெனிகளின் நீண்டகால வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி, ஸ்வீடன், டென்மார்க் கப்பல் கட்டும் தளங்களிடமே கடன் பெற்று டாங்கர்களை வாங்கினார்கள். 1939-ல் நார்வே கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஆறு பங்குக்கு மேல் டீசல். பிரிட்டனில் நான்கில் ஒரு பங்குதான். அடுத்த ஆண்டு ஜெர்மனி நார்வேயைப் பிடித்ததும், வெளிக்கடலில் இருந்த நார்வே கப்பல்கள் நேசநாடுகளின் பக்கம் நின்றன. போர்க்காலத்தில் பிரிட்டனுக்கு எண்ணெய் சுமந்ததில் அந்த டாங்கர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நீராவிக்கு மிஞ்சியிருந்த ஒரு பெரிய சாதகம், கொதிகலன் மலிவான கனரக எண்ணெயையும் எரிக்கும் என்பது. 1946-ல் ஷெல்லின் ஆரிக்குலா டாங்கர் அதே எண்ணெயில் டீசல் எஞ்சினை ஓட்டிக்காட்டியது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியபின், பெரிய டாங்கர்களில் இருந்த நீராவி டர்பைன்களும் கட்டுப்படியாகவில்லை. நீராவி டர்பைனோடு பிறந்த குயின் எலிசபெத் 2 பயணிக் கப்பலுக்கே 1986-87-ல் ஜெர்மனியில் ஒன்பது டீசல் எஞ்சின்களைப் பொருத்தினார்கள்.

எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) கப்பல்களில் மட்டும் நீராவி இந்த நூற்றாண்டு வரை தாக்குப்பிடித்தது. தொட்டியில் தானாக ஆவியாகும் வாயுவைக் கொதிகலனில் எரித்துவிடலாம். வாயு, எண்ணெய் இரண்டிலும் ஓடும் எஞ்சின்கள் வந்தபிறகுதான் அங்கேயும் புதிய கப்பல்கள் மாறின.