டவுட் இல்லாத வகுப்புகள்

அன்புள்ள தங்கைக்கு,

“எங்கள் வகுப்பில் யாருமே கேள்வி கேட்பதில்லையே, ஏன்?” என்று எழுதியிருந்தாய். திண்டிவனத்தில் பிளஸ் ஒன் படிக்கும் உன் வகுப்புக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல இது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

பாடம் முடிகிற நேரம். ஆசிரியர் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டுத் திரும்புகிறார். “புரிஞ்சுதா?” ஐம்பது பிள்ளைகளும் ஒரே குரலில் “புரிஞ்சுது சார்” என்கிறார்கள். “டவுட் இருந்தா கேளுங்க” என்கிறார். ஒருவரும் எழவில்லை. மணி அடிக்கிறது. அதே பிள்ளைகள் வராந்தாவில் நின்று, “அந்த ரெண்டாவது ஸ்டெப் எப்படி வந்துச்சு, உனக்குத் தெரியுமா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். விழுப்புரத்திலும் இதுதான், திண்டிவனத்திலும் இதுதான். சந்தேகத்துக்குப் பஞ்சமே இல்லை. வகுப்பறைக்குள் அதை வெளியே எடுக்கத்தான் ஆளில்லை.

இதற்குப் பெரியவர்கள் சட்டென்று சொல்லும் காரணம், மரியாதை. தாய்லாந்திலும் இப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே ஆண்டுதோறும் ‘வாய் க்ரூ’ என்றொரு சடங்கு உண்டு. பெரும்பாலும் வியாழக்கிழமை, நம் ஊரில் குருவுக்கு உரிய அதே நாளில், மாணவர்கள் பூத்தட்டோடு மண்டியிட்டு ஆசிரியரை வணங்குவார்கள். அப்படி வணங்கி வளர்ந்த பிள்ளைகளே 2020-ஆம் ஆண்டு ‘கெட்ட மாணவர்’ என்ற பெயரில் திரண்டார்கள். பள்ளிகளின் தலைமுடி விதி தொடங்கி ஆசிரியர்களின் அத்துமீறல் வரை, பாங்காக்கில் கல்வி அமைச்சகத்தின் வாசலில் நின்று கேள்வி கேட்டார்கள். கும்பிடுகிற கையும் கேட்கிற வாயும் ஒரே ஆளிடம் இருக்க முடியும். ஆகவே மரியாதையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

நம் மரபும் அவ்வளவு ஊமையானது இல்லை. 13-ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர் மாணவர்களுக்கு முறை வகுத்திருக்கிறார். இரு என்றால் இருக்க வேண்டும், சொல் என்றால் சொல்ல வேண்டும், குளிர்காய்கிறவர் நெருப்பிடம் நிற்பதுபோல ஆசிரியரை ரொம்பவும் நெருங்காமல் விலகாமல் நிற்க வேண்டும். பலர் இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதே நூலின் பாயிரத்தில், கேள்வி கேட்பதையும் பிறர் கேட்டதற்கு விடை சொல்வதையும் பாடம் படிக்கும் முறைகளில் அவர் சேர்த்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் தேறும், உடன் படிப்பவரோடு பயின்றால் இன்னொரு கால், மீதி அரைப்பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும் என்று கணக்கே போட்டிருக்கிறார். பழைய உரையாசிரியர்களும், படிக்கிறவர் எழுப்பக்கூடிய தடையைத் தாங்களே எழுப்பி விடை சொல்லிக்கொண்டுதான் போவார்கள். கேட்பவர் எதிரில் இருக்கிறார் என்ற நினைப்பில் எழுதப்பட்ட உரைகள் அவை.

அப்படியானால் வாயை மூடியது எது? கேள்விக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் விலை.

எழுந்து கேட்டால் என்னென்ன வரும் என்று பிள்ளைகளுக்கு அத்துப்படி. “இதுகூடத் தெரியாதா?” “இவ்வளவு நேரம் எங்க பார்த்துக்கிட்டிருந்த?” “இது எக்ஸாமுக்கு வராது, உட்காரு.” ஆசிரியர் எதுவும் சொல்லாவிட்டாலும் பின் பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வரும், “ஓவரா சீன் போடுறா” என்ற முணுமுணுப்பு வரும். வீட்டிலும் அதிகம் கேட்கிற பெண் பிள்ளைக்கு அதிகப்பிரசங்கி என்ற பட்டம் எப்போதும் தயார். இரண்டு முறை பட்ட பிறகு, மூன்றாம் முறை கையைத் தூக்க எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. இதைக் கோழைத்தனம் என்று சொல்வது அநியாயம்.

கடலூர் எழுத்தாளரும் ஆசிரியருமான இரா. நடராசன் 1990-களில் ‘ஆயிஷா’ என்ற குறுநாவலை எழுதினார். காந்தத்தைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்கும் ஒரு பள்ளிச் சிறுமி, கேட்டதற்காகவே அடிவாங்கும் கதை. அதன் முடிவு மிகக் கொடியது. சின்னஞ்சிறு நூலாகப் பல பதிப்புகள் கண்டு, தமிழ்நாட்டு ஆசிரியர் கூட்டங்களில் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. உனக்குக் கிடைத்தால் படி. படித்த பிறகு உன் ஆசிரியர் ஒருவருக்கும் கொடு.

பிரம்பு இப்போது சட்டப்படி வகுப்புக்குள் வரக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. குழந்தை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்ல வகைசெய்ய வேண்டும் என்கிறது 29-ஆம் பிரிவு. 2010 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிற சட்டம். ஆனால் “இதுகூடத் தெரியாதா” என்ற இரண்டு சொல் வாக்கியத்தை எந்தச் சட்டத்தால் பிடிக்க முடியும்?

தேர்வின் பங்கு இன்னும் பெரிது. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள், ஒரு மார்க், கைடு, ஸ்பெஷல் கிளாஸ், திரும்பத் திரும்ப டெஸ்ட். பத்தாம் வகுப்பில் இந்தச் சுற்றில் சிக்கிய பிள்ளைக்கு, கேள்வி என்றால் வேறு யாரோ தயாரித்து அச்சடித்துத் தருவது என்றே பதிந்துவிடுகிறது. ஆசிரியருக்கும் போர்ஷனை முடித்தாக வேண்டும், பாஸ் சதவீதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். 2017-ல் முதலிடம் பிடித்தவர் பட்டியலை அரசு நிறுத்தியது நல்ல காரியம். 2018 முதல் புதுப் பாடநூல்களும் வந்தன. புத்தகம் மாறிய அளவுக்கு வகுப்பின் நாற்பத்தைந்து நிமிடம் மாறவில்லை.

ஆசிரியரின் அவசரத்தை அளந்தே பார்த்திருக்கிறார் ஒருவர். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர் ஒரு கேள்வியை வீசிவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டுமாறு ரோ சொன்னார். பிள்ளைகளின் பதில் நீண்டது, வழக்கமாகப் பேசாதவர்கள் பேசினார்கள், மாணவர்களே கேட்கும் கேள்விகளும் கூடின. “டவுட் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே டஸ்டரை எடுத்தால் யார் எழுந்திருப்பார்கள், சொல்.

உன் பகுதிக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில், வீட்டிலிருந்து முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறியவர்கள் இன்னும் ஏராளம். புத்தகத் தமிழில் கேட்கத் தெரியவில்லையே என்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ உள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தால், சந்தேகத்தை இங்கிலீஷில் கேட்க வேண்டுமே என்ற பயம் வேறு. பல்கலைக்கழகம் 2010-ல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியிலும் தொடங்கியது இந்தப் பயத்துக்கு ஒரு மாற்று. திண்டிவனம் அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் பிரபா கல்விமணி, ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளியை நடத்தினார். இருளர் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளிடம் போராடினார். பள்ளியில் தான் இருக்கலாமா என்பதே உறுதியில்லாத ஒரு குழந்தை, பாடத்தில் சந்தேகம் கேட்க எழுந்திருக்குமா? முதலில் அந்தக் குழந்தைக்கு அங்கே இடம் வேண்டும்.

இடம் மாறினால் வாய் திறக்கும் என்பதற்கு உன் பக்கத்து ஊரே சாட்சி. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கப்பட்டது மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். மாலையில் வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ இருபது பிள்ளைகள் வரை வட்டமாக உட்காருவார்கள். சொல்லித்தருகிறவர் அதே தெரு அக்கா. அவரிடம் “அக்கா, இது ஏன்?” என்று கேட்கப் பிள்ளைகளுக்குத் தயக்கம் இருக்காது. மேடை இல்லை, மார்க் இல்லை.

அதே மரக்காணத்து உப்பளத்தை எடுத்துக்கொள். தண்ணீர் நூறு டிகிரியில் கொதித்து ஆவியாகும் என்று புத்தகம் சொல்கிறது. பாத்தியில் நிற்கும் கடல்நீரை யாரும் அடுப்பேற்றுவதில்லை. பின்னே எப்படி வற்றுகிறது? உப்பளத்தில் வேலை செய்யும் அம்மாவின் பிள்ளைக்கு இந்தக் கேள்வி நிச்சயம் தோன்றியிருக்கும். அருமையான கேள்வி அது. கொதித்தல் திரவம் முழுவதும் நடப்பது, நீராவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போது. ஆவியாதல் மேற்பரப்பில் மட்டும், எந்த வெப்பநிலையிலும் நடப்பது. வெயிலும் காற்றும் அகலமான பாத்தியும் அதை வேகப்படுத்துகின்றன. முதலில் சுண்ணாம்புச் சத்துள்ள உப்புகள் படியும், பிறகு சமையல் உப்பு, மக்னீசிய உப்புகள் கசப்பு நீரில் தங்கிவிடும். அந்தக் கசப்பு நீரை எப்போது வடிக்க வேண்டும் என்பது அம்மாவுக்கு அத்துப்படி. அந்தப் பிள்ளை ஒரு முறை எழுந்து கேட்டிருந்தால், வேதியியல் வகுப்புக்கே அம்மாவின் அனுபவம் பாடமாகியிருக்கும்.

இனி நீ செய்யக்கூடியது. “ஒண்ணும் புரியல சார்” என்று கேட்காதே. பாடம் முழுவதுமே வீணாகிவிட்டதாக அவருக்குப் படும், உனக்கும் பதில் கிடைக்காது. “மூணாவது வரி வரைக்கும் புரிஞ்சுது சார், நாலாவதுல மைனஸ் எப்படி வந்தது?” என்று இடத்தைச் சுட்டிக் கேள். அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். தனியாக எழத் தயக்கமா? தோழியோடு சேர்ந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, “எங்க ரெண்டு பேருக்கும் இது விளங்கல” என்று நீட்டு. மணி அடிக்கும் தறுவாயில் வேண்டாம், மறுநாள் பாடம் தொடங்கும்போது கேள். வீட்டில் பேசுகிற தமிழிலேயே கேள், அதில் குறைச்சல் எதுவும் இல்லை. ஆசிரியர் “நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்” என்றால் அவருக்குத் தெரியவில்லை என்று இளக்காரம் வேண்டாம். அப்படிச் சொல்ல நெஞ்சுரம் உள்ளவர்கள் குறைவு. மறுநாள் நினைவுபடுத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொருத்தி கேட்கும்போது நீயும் உன் பெஞ்சும் சிரிக்காதீர்கள். கேள்விக்கான விலையில் உங்கள் கையில் இருக்கும் பகுதி அந்தச் சிரிப்புதான்.

வகுப்புக்கு வெளியிலும் கேட்க இடம் உண்டு. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் மாத இதழை நடத்துகிறது. பிள்ளைகள் அனுப்பும் கேள்விகளுக்கு அதில் பதில் வரும். 1993 முதல் நாடெங்கும் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள், தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆய்வு செய்யலாம். உப்பளமும் ஆகும், உங்கள் தெருக் குடிநீரும் ஆகும். மாவட்ட அளவில் தொடங்கி மாநிலம், தேசம் என்று போகும். உன் வயதுக்கு மூத்தோர் பிரிவு. வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் வேண்டும். யார் வருவார் என்று இந்த வாரமே ஸ்டாஃப் ரூமுக்குப் போய்க் கேள்.

அன்புடன்,
அக்கா