பாட்டியை உட்கார வைத்தது யார்?

போன வருடம் எங்கள் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். முருகன் புண்ணியத்தில் எலும்பு முறியவில்லை. ஆனால் தானாக எழுந்து நிற்க முடியவில்லை. அப்பாவும் நானும்தான் தூக்கி நிறுத்தினோம். பாட்டிக்கு 72 வயது. ஒரு காலத்தில் தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படிகளையும் எனக்கு முன்னால் ஏறியவர்.

"வயசாயிடுச்சு, வேற என்ன" என்றுதான் நான் நினைத்தேன். பிசியோதெரபிஸ்ட் ஒரு கேள்வி கேட்டார்: "வீட்ல பாட்டி என்ன வேலை செய்வாங்க?"

நான் பெருமையாகச் சொன்னேன்: "ஒண்ணும் செய்ய விடமாட்டோம். தண்ணிகூட நான்தான் எடுத்துக் கொடுப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. "பாதிக் காரணம் அதுதான் தம்பி" என்றார்.

அந்த வார்த்தை சுட்டது. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன்.

சுமார் 30 வயதுக்குப் பிறகு பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. 60க்கு மேல் வேகம் கூடுகிறது. உட்கார்ந்தே இருந்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மாணவன். இரும்பில் திரும்பத் திரும்பச் சுமை ஏறினால் விரிசல் விடும். சுமையைக் குறைத்தால் ஆயுள் கூடும். இந்தக் கணக்கைத்தான் நான் பாட்டிக்கும் போட்டிருந்தேன். உடம்பு இரும்பு இல்லையே! தாங்கக்கூடிய சுமை வந்தால்தான் எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும். ஜெர்மன் மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் இதை 1892லேயே எழுதி வைத்திருக்கிறார்.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதுதான்: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். பாட்டி வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் குறைந்தால் கவனம் தேவை. பாட்டி முதல் நாள் நான்கு. மூன்று மாதம் கழித்து எட்டு.

நம் வழக்கத்திலும் இது இருக்கிறது. கோயிலைச் சுற்றி வருகிறோம், விழுந்து கும்பிட்டு எழுகிறோம், அன்னதானத்துக்குத் தரையில் உட்காருகிறோம். முடிந்த பெரியவர்களையும் "நீங்க உட்காருங்க" என்று நாற்காலிக்கு அனுப்புவதுதான் மரியாதை என்று நாம் நினைத்துவிட்டோம். முடியாதவரைத் தாங்குவது தொண்டு. முடிந்தவரைச் செய்ய விடுவதும் தொண்டுதான்.

இது நமக்கும் பாடம். எலும்பின் பலம் ஏறக்குறைய 30 வயதுக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். இரவெல்லாம் கணினி முன் உட்காரும் நான், சேமிக்க வேண்டிய வயதில் செலவழித்துக்கொண்டிருந்தேன். இப்போது மாலையில் பாட்டியோடு நானும் நடக்கிறேன்.

நேற்று படித்துக்கொண்டிருந்தபோது மேசையில் ஒரு குவளை தண்ணீர் வந்தது. "குடிய்யா" என்றார் பாட்டி. நான் எழுந்து தடுக்கவில்லை.

கலந்துரையாட:
1. உங்கள் வீட்டுப் பெரியவரிடமிருந்து, அன்பினால் நீங்கள் பறித்துக்கொண்ட வேலை எது?
2. அதில் எதை இந்த வாரம் திருப்பிக் கொடுக்கலாம்?
3. அடுத்த முறை முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, உணவு பரிமாறுவதோடு வேறென்ன செய்யலாம்?