முடிந்த வேலையை மீட்டிப் பார்த்தல்

பெருநாள் வியாபாரம் முடிந்ததும் இருப்பைப் பார்க்கிறோம், கடன் கொப்பியைப் பார்க்கிறோம். வேலை நடந்த விதத்தைப் பார்க்கிறோமா? அதைப் பார்த்துக் கொடுப்பதையே தொழிலாக்கிக் கொண்டவர் நோமன் கேர்த் என்னும் அமெரிக்க மென்பொருள் ஆலோசகர். 2001இல் இதற்கென்றே ஒரு கைநூலும் எழுதினார்.

மென்பொருள் வேலையொன்று முடிந்ததும், அது தோற்றுப் போயிருந்தாலும், அதில் உழைத்தவர்களை அலுவலகத்துக்கு வெளியே இரண்டு மூன்று நாள் கூட்டி வைப்பார். அன்று தெரிந்ததையும் கையிலிருந்ததையும் வைத்து எல்லோரும் இயன்றதைச் செய்தார்கள் என்று முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். குற்றவாளி தேடக் கூடாது. அடுத்து, மனம் விட்டுப் பேசப் பயமா என்று பெயர் எழுதாத துண்டில் கேட்பார். பயமிருந்தால், ஒத்த வேலைக்காரரைத் தனித்தனிக் குழுவாகப் பேச விடுவார். பின்னர் நடந்தவற்றை அட்டைகளில் எழுதிக் கால வரிசையில் சுவரில் ஒட்டுவார்கள். ஒரு பகுதியார் பட்ட பாடு மற்றவருக்கு அப்போதுதான் தெரியவரும்.

நம் பக்கம் சாமான் பிந்தினால் சிப்பந்திக்குத்தான் ஏச்சு. அவன் பிறகு வாய் திறப்பானா? லொறி பிந்தியதா, ஓடர் பிந்தியதா? முதலாளி காசு கட்டப் பிந்தியிருக்கவும் கூடும்!

வினாயகபுரத்துச் சில்லறைக் கடையை மூன்று நாள் பூட்ட முடியாதுதான். பெருநாள் கழிந்த ஓர் இரவில் ஒரு மணி நேரம் உட்காரலாம். சிப்பந்திகள் முதலில் பேசட்டும், முதலாளி கடைசியில்.