வெயில் மேல் போடும் பழி

ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி அருகே பானெட்டைத் தூக்கி நிறுத்திய வண்டியைப் பார்த்தால், "வேலூர் வெயில் அப்படி" என்று சொல்லிவிடுகிறோம். இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது உண்மைதான். ஆனால் எஞ்சினுக்குள் சுற்றும் நீர் மார்கழியிலும் 90 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பழுதில்லாத வண்டி இந்த வெயிலைத் தாங்கும். சூட்டைக் காட்டும் முள் ஏறினால் எங்கோ கோளாறு.

"தண்ணீர் போதும், கூலன்ட் குளிர்நாட்டுக்கு." இந்தப் பக்கத்தில் அதிகக் கெடுதல் செய்வது இந்த நம்பிக்கைதான். கூலன்ட் நீரை உறையவிடாது. அந்தக் குணம் நமக்குத் தேவையில்லை. கொதிநிலையை உயர்த்துவதும் உலோகம் அரிக்காமல் காப்பதும் நமக்குக் கட்டாயம் வேண்டும். அதிலும் நம் நிலத்தடி நீருக்கு. தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பு, தோல் பதனிடும் ஆலைகளில் ஊறவைத்துக் கழுவும்போது கழிவுநீரில் கலந்து, பல்லாண்டுகள் பாலாற்றுப் படுகையில் இறங்கியது. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பில், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதை உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. பயிரைக் கருக்கும் உப்பு ரேடியேட்டரை மட்டும் விட்டுவிடுமா? உப்பிலுள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். கடின நீரின் சுண்ணாம்பு மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். வழியில் வேறு கதியின்றி போர் தண்ணீரை ஊற்றியிருந்தால், ஊர் சேர்ந்ததும் வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் அலசி, கம்பெனி சொன்ன கூலன்டை நிரப்புங்கள்.

"ஹீட் ஆனால் ரேடியேட்டர் போச்சு." அவசரப்பட்டு மாற்றாதீர்கள். எப்போது சூடாகிறது என்று முதலில் கவனியுங்கள். சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது ஏறி, ஆம்பூர் நோக்கி வேகமெடுத்ததும் முள் இறங்கினால், ஃபேன் சுற்றவில்லை என்றே சந்தேகப்படலாம். அதன் மோட்டார், ரிலே, ஃபியூஸைப் பாருங்கள். நின்றால் சரியாக இருந்து, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முள் ஏறினால், ரேடியேட்டர் அடைப்பையோ வாட்டர் பம்பையோ சோதிக்க வேண்டும். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே சூடாகி, மேல் ஓஸ் கொதிக்க, கீழ் ஓஸ் குளிர்ந்தே கிடந்தால், தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம்.

அதைக் கழற்றி எறிந்துவிடுவது பட்டறைகளில் பழகிப்போன வைத்தியம். "நம்ம ஊருக்கு வால்வு எதற்கு?" என்பார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். புது தெர்மோஸ்டாட்டே போடச் சொல்லுங்கள்.

"உடனே மூடியைத் திறந்து பச்சைத் தண்ணீர் ஊற்று." இது ஆளையே சுடும். மூடி தாங்கும் அழுத்தத்தால்தான் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் நீர் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த கணமே அது பொங்கி முகத்தில் அடிக்கும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீர் பட்டால் ஹெட் விரிசல் விடலாம். ஏசியை நிறுத்தி, ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிடுங்கள். மேல் ஓஸை அமுக்கினால் விறைப்பில்லாமல் நெகிழும்வரை மூடியைத் தொடவே வேண்டாம்.

"முள் இறங்கிவிட்டது, கிளம்பலாம்." தண்ணீர் முழுதும் போய்விட்டால் சென்சார் நீரில் படாமல், முள் பொய் சொல்லும். ஒழுகலே தெரியாமல் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தாலோ, ஆயில் குச்சியில் பால் கலந்த காப்பி நிறம் தெரிந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் ஸ்டார்ட் செய்யாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள்.