டொர்னேடோ வருமுன் எடுத்துவைக்க வேண்டிய முடிவு

டெக்சஸ், ஓக்லஹோமா பக்கம் குடியேறும் நம்மவர்கள் டொர்னேடோவுக்கு ஆயத்தம் என்றதும் டார்ச், பேட்டரி, தண்ணீர் கேன் என்று சாமான் பட்டியல்தான் போடுகிறார்கள். புயலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. வங்கக் கடல் புயல் கரையைக் கடக்கும் முன் நாள்கணக்கில் அவகாசம் தரும்; அரிசி பருப்பு வாங்கி வைத்துவிடலாம். டொர்னேடோ தருவது நிமிடங்கள். பல சமயம் பத்து, பதினைந்துக்கு மேல் இல்லை. சாமான்கள் காற்று ஓய்ந்த பிறகுதான் உதவும். அதற்கு முன் உயிரைக் காப்பது, எங்கே ஒதுங்குவது, எப்போது கிளம்புவது என்று குடும்பம் முன்கூட்டியே எடுத்த முடிவு மட்டுமே என்பது என் கட்சி.

2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்ளின் நகரில் டொர்னேடோவுக்கு 150 பேருக்கு மேல் பலியானார்கள். சைரன் ஒலிக்காமல் இல்லை; டொர்னேடோ ஊரைத் தொடும் முன்பே ஒலித்தது. ஆனால் பலர் உடனே ஒதுங்கவில்லை, நிஜம்தானா என்று உறுதிசெய்துகொள்ளக் காத்திருந்தார்கள் என்று பிற்பாடு நடந்த அரசு ஆய்வு சொன்னது. டிவி போடுவதும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பதும் மனித சுபாவம். அதனால்தான் விதியை முன்பே போட்டுவிட வேண்டும். ‘வாட்ச்’, அதாவது டொர்னேடோ வர வாய்ப்பிருக்கிறது என்று வந்தால் ஷூக்களும் சைக்கிள் ஹெல்மெட்டுகளும் ஒதுங்கும் அறைக்குப் போய்விட வேண்டும். ‘வார்னிங்’, அதாவது டொர்னேடோ கண்ணிலோ ரேடாரிலோ தெரிகிறது என்று வந்தால் ஆட்களும் போய்விட வேண்டும், விவாதம் கிடையாது. ஹெல்மெட்டைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், பறந்து வரும் பொருள் தலையில் அடிப்பதுதான் பெரிய ஆபத்து. ஷூ, பிறகு கண்ணாடிச் சில்லிலும் ஆணியிலும் நடந்து வெளியே வருவதற்கு. அறை என்பது தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாமல், வீட்டின் நடுவில் இருப்பது: குளியலறை, துணி வைக்கும் க்ளோசெட், மாடிப்படியின் அடி. மூன்றாம் மாடி அப்பார்ட்மென்ட்வாசிகள் கீழ்வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம். ஜன்னல்களைத் திறந்துவைத்தால் அழுத்தம் சமமாகும் என்பது பழைய கட்டுக்கதை, நேரம்தான் வீண். சைரனையும் நம்பிக்கொண்டிருக்க முடியாது; அது வெளியில் நிற்பவர்களுக்காக வைத்தது. தூங்குபவரை எழுப்ப வானிலை ரேடியோ வேண்டும், போனில் அவசர அறிவிப்பை அணைக்காமல் இருக்க வேண்டும்.

எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை வெறும் எச்சரிக்கையாகவே போய்விடுகின்றனவே, ஒவ்வொரு முறையும் ஓட வேண்டுமா என்று கேட்பார்கள். வாஸ்தவம்தான். பொய்த்துப்போன எச்சரிக்கையால் நமக்கு நஷ்டம் குளியலறையில் கால் மணி நேரம். பலிக்கும் ஒன்றை அலட்சியம் செய்தால் என்ன நஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. காரில் ஏறித் தப்பிவிடலாமே என்பது இன்னொரு வாதம், இதுதான் ஆபத்தானது. 1979-ல் டெக்சஸின் விச்சிட்டா ஃபால்ஸ் டொர்னேடோவில் இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாகனங்களில் சிக்கியவர்கள். அவர்களில் சிலர் வீட்டை விட்டுக் காரில் கிளம்பியவர்கள். அந்த வீடுகளில் பல பெரிய சேதமில்லாமல் நின்றன. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ டொர்னேடோவில் இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்களே. நம்மவர்கள் நிறைய வசிக்கும் டாலஸ் வட்டாரத்தில், 2015 டிசம்பர் 26 இரவு கார்லண்டில் இறந்தவர்களில் பெரும்பாலோர் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள். மொபைல் ஹோம் மட்டும் விதிவிலக்கு. அங்கே இருப்பவர்கள் ‘வாட்ச்’ வந்ததுமே உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியும் குழந்தையும் பகலில் தனியாக இருப்பார்கள். போன் அலறினால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. அறிவிப்பின் சத்தத்தைக் காட்டிக்கொடுங்கள், போக வேண்டிய அறையைக் காட்டிக்கொடுங்கள், மகனுக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நிற்க வேண்டாம் எனத் திட்டமாகச் சொல்லுங்கள். டெக்சஸ், ஓக்லஹோமாவில் ஏப்ரல், மே மாதங்கள்தான் டொர்னேடோவின் உச்சம். அதற்கு முன் ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் அந்த அறைக்கு நடந்து பாருங்கள். இரண்டு நிமிடத்தில் போய்ச்சேர முடியவில்லை என்றால் அறையை மாற்றுங்கள்.