சபையிலே பேசும் முறையும் தொடர்பைச் சொல்லும் கடமையும்

கோயிற் பொதுக்கூட்டக் காலம் வந்துவிட்டால் நம்மவர் பலருக்கு ஒருவிதத் தயக்கம் ஏற்படுகின்றது. "ஏன் வீண் பகை" என்று வீட்டோடு இருந்துவிடுவோரும் உளர். முறையின்றிப் பேசுவதனாலும், சொல்ல வேண்டியதைச் சொல்லாது விடுவதனாலுமே பெரும்பாலும் பகை வளர்கின்றது. ஆகவே இவ்விரண்டையும் பற்றி இம்முறை படிப்போம்.

நம் முன்னோர் வகுத்த விதி

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. இவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் எவ்வாறு உறுப்பினரைத் தெரிவது என்பதை இவை கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரமுடியாது. அவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். உறவும் பொதுப்பணமும் ஒன்றோடொன்று கலந்தால் நியாயம் தடுமாறும் என்பதை 1,100 ஆண்டுகளுக்கு முன்பே அவ்வூரார் உணர்ந்திருந்தனர்.

ரொறன்ரோவிலே கிடைத்த பாடம்

ஒன்ராறியோ மாநிலத்தில் மாநகரசபை உறுப்பினர்களுக்கென நலன்முரண் சட்டம் ஒன்று உண்டு. சபையில் எடுக்கப்படும் ஒரு விடயத்தில் உறுப்பினருக்கோ, அவருடைய பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகளுக்கோ பணத்தொடர்பு இருந்தால், அவர் அதனை முன்கூட்டியே சொல்லவேண்டும். அவ்விடயத்தைப் பற்றிப் பேசவோ, வாக்களிக்கவோ, மற்றவர்களின் வாக்கைத் தம் பக்கம் திருப்பவோ கூடாது.

2012 பெப்ரவரியில், அன்றைய மாநகர முதல்வர் றொப் ஃபோர்ட் தாம் 3,150 டொலரைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற பழைய தீர்மானத்தை நீக்குவது பற்றிய விவாதத்தில் தாமே பேசி, தாமே வாக்களித்தார். அப்பணம் அவருடைய உதைபந்தாட்ட நற்பணி நிதியத்துக்குக் கிடைத்த நன்கொடை. அவர் பைக்குள் போன பணமன்று. எனினும் 2012 நவம்பர் 26 இல் நீதிபதி ஒருவர் அவரைப் பதவிநீக்கம் செய்யுமாறு தீர்ப்பளித்தார். 2013 ஜனவரி 25 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு கட்டளையிட மாநகரசபைக்கு அதிகாரம் இருக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். பதவி தப்பியது, ஆனால் வழக்கும் மனக்கசப்பும் மாதக்கணக்காக நீடித்தன. "இது என் விடயம், நான் விலகி நிற்கின்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வழக்கே எழுந்திராது.

நமக்கும் சட்டம் உண்டு

இது நகரசபைக்கு மட்டுமே உரியது என்று எண்ணவேண்டாம். ஒன்ராறியோவில் பதிவுசெய்யப்பட்ட இலாபநோக்கற்ற சங்கங்களுக்கான புதிய சட்டம் 2021 ஒக்ரோபர் 19 இல் நடைமுறைக்கு வந்தது. சங்கத்தின் முக்கியமான ஓர் ஒப்பந்தத்தில் இயக்குநர் ஒருவருக்குத் தொடர்பு இருந்தால், அவர் அதன் தன்மையையும் அளவையும் வெளிப்படுத்தவேண்டும். பொதுவாக, அது பேசப்படும் நேரத்தில் அவர் கூட்டத்தில் இருக்கவும் கூடாது, வாக்களிக்கவும் கூடாது.

திருவிழா அன்னதானத்துக்கு நிர்வாகசபை உறுப்பினர் ஒருவரின் மைத்துனர் கடையும் விலை கொடுத்திருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அவ்வுறுப்பினர் அதனைச் சொல்லி வெளியே செல்லட்டும். செயலாளர் அதைக் கூட்டக்குறிப்பில் எழுதட்டும். பின்னர் அக்கடையே தெரிவானாலும் ஒருவரும் குறைசொல்ல இடமில்லை. தொடர்பு இருப்பது குற்றமன்று, அதை மறைப்பதே குற்றம். மடியிலே கனமிருந்தால்தானே வழியிலே பயம்!

விவாதத்துக்குரிய விதிகள்

அமெரிக்க இராணுவப் பொறியியலாளர் ஹென்றி மார்ட்டின் றொபேர்ட் 1876 இல் வெளியிட்ட கூட்டவிதி நூலை இங்குள்ள பல சங்கங்கள் பின்பற்றுகின்றன. அதில் முக்கியமானவை வருமாறு:

1. முதலில் பிரேரணை, பின்பு அதனை ஆமோதித்தல், அதன் பின்பே விவாதம்.
2. தலைவரை நோக்கியே பேசவேண்டும், ஒருவரோடொருவர் வாதிடலாகாது.
3. பேசாதவர் பேச விரும்பும்போது, பேசியவர் இரண்டாம் முறை எழும்பலாகாது.
4. கருத்தை மறுக்கலாம்; சொன்னவரின் உள்நோக்கத்தைப் பழிக்கலாகாது.
5. விவாதத்தில் பக்கஞ்சேர விரும்பும் தலைவர், அவ்விடயம் முடியும்வரை ஆசனத்தை வேறொருவரிடம் ஒப்படைக்கவேண்டும்.

மூன்றாவது விதி நமக்கு மிக அவசியம். கூட்டத்தின் பின்வரிசையில் இருக்கும் அம்மாமாரும் இளையோரும் வாய்திறக்க அதுவே வழிசெய்யும்.

உண்டியலில் விழும் ஒவ்வொரு டொலரும் தொழிற்சாலையிலும் இரவு வேலையிலும் உழைத்த பணம். அதைப் பற்றிப் பேசும் சபையில் ஒழுங்கும் உண்மையும் இருக்கவேண்டியது அவ்வுழைப்புக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

வீட்டிலே பிள்ளைகளுடன் கலந்துரையாட:

(அ) நண்பர் ஒருவரின் நிறுவனத்துக்கு வேலை கொடுப்பது பற்றிப் பேசும்போது என்ன செய்யவேண்டும்?

(ஆ) கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் விலக்கிய உத்திரமேரூர் விதி நியாயமானதா? இன்று அதற்குப் பதிலாக என்ன செய்யலாம்?