விந்தில் ரத்தம்: எப்போது டாக்டரிடம் போவது?

கேள்வி: எனக்கு வயது 34. போன வாரம் விந்து சிவப்பாக வந்தது. வலி இல்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. புற்றுநோயாக இருக்குமோ?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காளவாசல், மதுரை

பதில்: முதலில் மனைவியிடம் சொல்லுங்கள், இந்தப் பயத்தைத் தனியாகச் சுமக்க வேண்டாம். 40 வயதுக்குள், வேறு தொந்தரவு இல்லாமல் ஓரிரு முறை இப்படி வந்தால் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். இந்த வயதில் புற்றுநோய் காரணமாக இருப்பது மிக அரிது. விந்துப்பையிலோ புராஸ்டேட் சுரப்பியிலோ அழற்சியோ கிருமித்தொற்றோ ஏற்பட்டால் ரத்தம் கசியலாம். தேங்கிய பழைய ரத்தம் பழுப்பு நிறத்தில் சில வாரங்கள்கூட வரலாம். நம் நாட்டில் காசநோயையும் மறந்துவிட முடியாது. நாள்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மறுபடி மறுபடி வந்தாலோ, சிறுநீரிலும் ரத்தம் தெரிந்தாலோ, விரை வீங்கினாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சலோடு சிறுநீர் அடைத்துக்கொண்டால் அன்றைக்கே போக வேண்டும். 40ஐத் தாண்டியவர்கள் ஒருமுறை வந்தாலே காட்டிவிடுவது நல்லது. அவர்களுக்குப் புராஸ்டேட் பரிசோதனை தேவைப்படும்.

உங்கள் ஊரிலேயே அரசு ராஜாஜி மருத்துவமனையில் யூராலஜி பிரிவு இருக்கிறது. சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். லாட்ஜில் அறை எடுத்து ‘ஆண்மை வைத்தியம்’ பார்ப்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். பால்வினைத் தொற்று இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகித்தால், முடிவு தெரியும்வரை ஆணுறை அணியுங்கள்.